சத்தமா? யாரோடதுங்க?

சனிக்கிழமை ராத்திரி தொண்டாமுத்தூர் பக்கம் தூங்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமையே தூங்கி முடித்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமைக்கும் இப்போது புக்கிங் வந்துவிடுவதால் வியாழக்கிழமை இன்னும் உசிதம்.

நரசீபுரம், ஆலாந்துறை, செம்மேடு, இருட்டுப்பள்ளம் என்று வெள்ளியங்கிரி அடிவாரத்தை ஒட்டிப் போகும் ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள். பாக்குத்தோப்புக்கும் சின்ன வெங்காயக் காட்டுக்கும் நடுவே "இயற்கையின் மடியில்" என்று போர்டு நிற்கும். இந்த மடியில் உட்கார வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டா வருவார்கள்? ஆள் உயர ஸ்பீக்கர், ஜெனரேட்டர், கலர் லைட்டு, புகை கக்கும் மிஷின், இத்தனைக்கும் ஒரு தனி வண்டி. டவுனில் நிம்மதி இல்லை என்று கிளம்பி வந்து, இங்கே இருந்த நிம்மதியையும் தீர்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆபீசில் "செம அமைதியான எடம்" என்று போட்டோ காட்டுவார்கள். ரூம் வாடகையில் இந்த அமைதியும் அடக்கம். விற்றவர் ரிசார்ட்காரர். சரக்கு எங்களுடையது.

ராத்திரி பன்னிரண்டே காலுக்குச் சாளைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். தகரக் கூரை பாட்டுக்குத் தாளம் போடும். நடுநிசி கேக் வெட்டுக்கு வாணம் விட்டால், வெடிக்கு ஒரு தரம் தோப்பில் அடைந்திருக்கும் மயில்கள் அத்தனையும் அலறும். மயிலுக்கு நாய் எதிர்ப்பாட்டு. நாய்க்குக் கட்டுத்தறியில் மாடு. விடியற்காலம் மூன்று மணிக்கு டெம்போவில் காய் ஏற்றவேண்டியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பார். அவரும் விடிய விடிய முழித்தவர்தான். ஆனால் அவர் போட்டோவை யாரும் போடமாட்டார்கள்.

போலீசுக்குப் போன் போடலாமே என்பீர்கள். போடுவதுண்டு. அந்தப் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும்.

"சார், இங்க ரிசார்ட்டுல பாட்டுச் சத்தம் தாங்க முடியலீங்க. மணி பன்னெண்டரை ஆகுதுங்க."

"எந்த ரிசார்ட்டுங்க?"

சொல்கிறோம்.

"அது யாரோடதுங்க?"

அதையும் சொல்கிறோம். ஒரு நிமிஷம் லைனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "செரிங்க, சொல்லி வெக்கிறனுங்க. நீங்க சன்னலச் சாத்திட்டுப் படுங்க."

சொல்லி வைக்கவும் செய்கிறார்கள், பொய்யில்லை. கால் மணி நேரம் சத்தம் அடங்கும். பிறகு அடங்கிய கால் மணியையும் வட்டியோடு வசூல் பண்ணுகிற மாதிரி ஏறும். காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் ஓனர் லைனில் வருவார். "ஏனுங் மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொறச்சிருப்பனுங்களே? நமக்குள்ள எதுக்குங்க ஸ்டேஷன் வரைக்கும்?" புகார் சொன்னது இன்னார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த மாமன் கேட்கமாட்டார். கேட்டால் மரியாதைக் குறைவு. மிரட்டலுக்கும் 'ங்க' சேர்த்துப் பேசுகிற மண் இது. போனை வைத்து அரை மணி நேரம் கழித்துத்தான், வாங்கினது மிரட்டல் என்பதே உறைக்கும்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி மத்திய அரசு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. ராத்திரி என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் 45 டெசிபல், பகலில் 55. எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி கூடாது. அனுமதி வாங்கினாலும், நாலு சுவருக்குள் மூடிய மண்டபம் தவிர வேறெங்கும் பத்து மணிக்கு மேல் கூடாது. பண்பாட்டு விழா, சமய விழா என்றால் மாநில அரசு மனம் இரங்கி நள்ளிரவு 12வரை விடலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளைக்கு மேல் போகாமல். படிக்கப் படிக்கத் தூக்கம் வருகிற அளவுக்கு நிம்மதியான விதிகள்.

இதைச் செயல்படுத்தும் அதிகாரி யார்? கலெக்டர், போலீஸ் கமிஷனர், அல்லது டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி என்கிறது விதி. ராத்திரி ஸ்டேஷனில் போனை எடுக்கிறவர் டி.எஸ்.பி. இல்லை. டி.எஸ்.பி. வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுப் பக்கத்தில் ரிசார்ட் இல்லை.

டெசிபல் கணக்குக்கும் நம் வீட்டுக் கணக்குக்கும் ஆகாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு ஆகிறது. டி.ஜே. ஸ்பீக்கர் முன்னால் 100 டெசிபல் என்பது சர்வசாதாரணம். அனுமதித்த 45க்கு அது 55 அதிகம்தானே என்று நினைக்காதீர்கள். மூன்று லட்சம் மடங்கு. தூரம் போகப்போகக் குறையும், சரி. ஆனால் 'தொம் தொம்' என்று நெஞ்சில் இடிக்கிற பேஸ் இருக்கிறதே, சுவருக்கும் சன்னலுக்கும் மசியாத ஜாதி அது. ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும்போது, மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே இறங்கி, தோப்பு தாண்டி வெகுதூரம் போகும். இதில் ஒரு வேடிக்கை. சட்டம் அளக்கச் சொல்லும் டெசிபல் 'ஏ' வகை. மனிதக் காது அடித்தொண்டைச் சத்தத்தை மந்தமாகக் கேட்கும் என்ற கணக்கில், 63 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியில் சுமார் 26 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் மீட்டர் எண்ணைக் காட்டும். டம்ளர் ஆடும், கூரை ஆடும், மீட்டர் முள் மட்டும் ஆடாது. அந்த மீட்டரையாவது யாராவது எடுத்துக்கொண்டு வந்தார்களா என்று கேட்காதீர்கள். மதுக்கரையில் யானை தண்டவாளத்துக்கு வருவதைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் வைத்தாயிற்று. ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவ்வளவு நுண்ணறிவு தேவைப்படாது, ரெண்டு காது போதும்.

இந்த மாவட்டத்தில் பார்ட்டிக்குள் போலீஸ் புகுந்ததே இல்லையா? புகுந்தது. 2019 மே மாதத் தொடக்கத்தில் பொள்ளாச்சி அருகே சேத்துமடையில், தோப்புக்குள் இருந்த ரிசார்ட்டில் விடிய விடிய ஆட்டம். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் சொல்ல, மாவட்டப் போலீஸ் படை உள்ளே நுழைந்து நூற்றைம்பது பேருக்கு மேல் பிடித்தது. பெரும்பாலும் கேரளத்து மாணவர்கள். மதுவும் போதைப்பொருளும் கிடைத்ததாகச் செய்தி. தேசிய சேனல்கள்வரை அதைக் காட்டின. தலைப்பில் போதை இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், கேரளா இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அந்தப் புகாரின் முதல் வரியே சத்தம்தான். உள்ளே இருந்தவர்கள் மோர் குடித்துவிட்டு ஆடியிருந்தால் அன்றைக்கு எத்தனை ஜீப் வந்திருக்கும்? வெளியூர்ப் பையன்களுக்குப் பதில் உள்ளூர்ப் பெரியமனிதர் மகனின் பிறந்தநாள் என்றால், ஜீப் வந்திருக்கும்தான், கேக் சாப்பிட.

பெரிய இடத்துக்கு வருவோம். பயந்துகொண்டு சின்ன ரிசார்ட்டை மட்டும் திட்டினால் அது அங்கதம் இல்லை, கோழைத்தனம். இந்த வட்டாரத்தின் ஆகப்பெரிய ராத்திரி விழா ஈஷாவின் மகாசிவராத்திரி. 2017 பிப்ரவரி 24 அன்று பிரதமரே வந்து 112 அடி ஆதியோகி சிலையைத் திறந்துவைத்த இடம். மாலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிவரை ஆட்டமும் பாட்டும். விதி சொல்லும் ராத்திரி 10 முதல் 6 என்றால், விழா அதை முழுசாக விழுங்கி நாலு மணி நேரம் கூடவும் எடுத்துக்கொள்கிறது. 2025ஆம் ஆண்டு விழாவுக்கு முன் ஒலி மாசையும் கழிவுநீரையும் சொல்லி, அனுமதி தரக்கூடாது என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். பிப்ரவரியிலேயே மனு தள்ளுபடி. விழா நடந்தது. மத்திய உள்துறை அமைச்சர் வந்தார். நீதிமன்றம் சொன்னபின் நமக்கு மறுபேச்சு இல்லை. 12 மணிக்கு மேல் எந்த விழாவுக்கும் விலக்குத் தர வழியில்லாத ஒரு விதிக்குள் காலை 6 மணி எப்படிப் பொருந்துகிறது என்பதை மட்டும் யாராவது ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதே சீட்டை அடுத்த தோட்டத்துக் கல்யாணக்காரரும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வார். சிவராத்திரியில் கண்விழிப்பது பக்தரின் விரதம். வேண்டிக்கொள்ளாதவரையும் சேர்த்து விழிக்க வைத்தால் அந்தப் புண்ணியம் யார் கணக்கில் ஏறும்?

இதே தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் வேறு குரலில் பேசியது என்பதையும் சொல்லவேண்டும். சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச்சங்கம், பக்கத்துத் தேவாலயத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துப் போட்ட வழக்கு. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. காலனிக்காரர்கள் ஜெயித்தார்கள். எதிரே இருந்தது ஒரு சின்னச் சபை. வந்து கலந்துகொள்ள அமைச்சர் யாரும் இல்லை.

எங்கள் ஊரிலும் ராத்திரியில் தொந்தரவு செய்ததற்காக முறைப்படி நடவடிக்கைக்கு ஆளானவர் ஒருவர் உண்டு. பெயர் ரோலக்ஸ். ஆண் யானை. தோட்டம் தோட்டமாக நுழைந்தது, பயிரை மிதித்தது, ஆளையும் அடித்துக் கொன்றது. அதைப் பிடிக்கக் கோரியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வியப்பது அரசாங்கத்தின் சுறுசுறுப்பை. கண்காணிக்கத் தனிக்குழு, மருத்துவர்கள், மயக்க ஊசி, துணைக்குக் கும்கிகள், லாரி. 2025 அக்டோபரில் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் கொண்டுபோனார்கள். ராத்திரி 12 மணிக்கு ஊருக்குள் வந்து அட்டகாசம் செய்கிறவரை அப்புறப்படுத்த இந்த அரசாங்கத்துக்குத் தெரியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் ஆசாமிக்குத் தும்பிக்கை இருக்கவேண்டும், ஓட்டு இருக்கக்கூடாது, தோப்புக்குள் ரூம் போட்டு வாடகைக்கு விடுகிற மாப்பிள்ளை இருக்கக்கூடாது.

அந்த யானை ஏன் காட்டைவிட்டு இறங்கியது என்று ஆராய்ச்சி செய்ய நான் வரவில்லை. யானைக்குப் பேஸ் சத்தம் நம்மைவிட நன்றாகக் கேட்கும், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியிலேயே தங்களுக்குள் பேசிக்கொள்கிற பிராணி அது. காட்டோரத்தில் நாலு திசையிலும் 'தொம் தொம்' என்று இடித்தால் அதற்கு என்ன சேதி போகும் என்று ரிசார்ட்காரர்கள்தான் சொல்லவேண்டும். மீதி ராத்திரி மற்ற யானைகளை விரட்டக் காட்டுக்காவல் இருக்கிற விவசாயி, கையில் ஒரு டார்ச்சும் தொண்டையில் கொஞ்சம் குரலும் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கத்துவதும் வேலியின் இந்தப் பக்கம் வந்து விழாது, பாட்டுச் சத்தம் அப்படி.

எங்கள் ஆட்களையும் விட்டுவிட முடியாது. ரிசார்ட்டைத் திட்டுகிற அதே வாய், தன் வீட்டுக் காதுகுத்துக்குக் காலை அஞ்சு மணிக்கே குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டச் சொல்லும். நோம்பி சாட்டினால் பதினைந்து நாள் பாட்டு. கட்சிக் கூட்டம் என்றால் தெருவுக்குத் தெரு. "நம்ம கோயிலுங்க, நம்ம கண்ணாலமுங்க" என்றதும் டெசிபல் எல்லாம் பங்காளி ஆகிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் ரிசார்ட்காரர் முதல் வருஷமே கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு தொகை எழுதுகிறார். கல்வெட்டில் பேர் ஏறியபின் அவர் ஸ்பீக்கரில் வருவதும் பக்திப் பாட்டுத்தான்.

தண்டனை? பொதுத்தொல்லைக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதை ஆயிரம் ஆக்கியிருக்கிறார்கள். அஞ்சு மடங்கு! சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்தாண்டுவரை ஜெயில் என்று ஒரு பூச்சாண்டியாவது இருந்தது. தொழில் செய்கிறவர்கள் மேல் நம்பிக்கை வைக்கும் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, 2024 ஏப்ரல் முதல் அதையும் எடுத்துவிட்டது. இப்போது பத்தாயிரத்திலிருந்து பதினைந்து லட்சம்வரை வெறும் பணம். பத்தாயிரம் ரூபாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ராத்திரி ரூம் கிடைக்கும், பிரேக்ஃபாஸ்டோடு.

ஆகவே என் தரப்பில் ஒரு யோசனை. எதற்கு ஸ்டேஷன், எதற்கு மனு? ரிசார்ட் பில்லிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். ரூம் வாடகை, சாப்பாடு, கேம்ப் ஃபயர், அதற்குக் கீழே "அக்கம்பக்கத்தார் தூக்கம்: ரூ.1,000". ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டுக்கொள்ளட்டும், அரசாங்கத்துக்கும் வருமானம். வருகிறவர்களுக்கும் தாங்கள் எதை வாங்கினோம் என்று தெரியும். வசூலாகிற பணத்தை எங்களுக்குத் தர வேண்டாம். அந்த டி.எஸ்.பி. வீட்டுக்குப் பக்கத்துக் காலி சைட்டை ஒரே ஒரு சனிக்கிழமை வாடகைக்கு எடுத்து, அதே டி.ஜே.வை, அதே ஸ்பீக்கரோடு, பதினொரு மணிக்கு ஏற்றிவிடுங்கள். போன் யார் போடுகிறார், எதிர்முனையில் "யாரோடதுங்க?" என்று கேட்கிறார்களா என்று பார்த்துவிடலாம்.