மீன்தொட்டிக்கும் அமாவாசை வேண்டும்: நிலா விளக்கு குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழர் வாழ்வில் நிலா என்ற தலைப்பில் ஆய்வேடுகள் மலையாகக் குவிந்துவிட்டன. கண்ணாடித் தொட்டி மீனின் வாழ்வில் நிலா என்பது மட்டும் இன்னும் முனைவர் பட்டம் காணாத தலைப்பாகவே கிடக்கிறது. அறிஞர்கள் அசந்த நேரத்தில் விளக்குக் கடைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். இரண்டடித் தொட்டியின் மூடிக்குள் விரல் அகலத்துக்கு ஒட்டியிருக்கும் நீல எல்இடி பட்டைக்கு ‘மூன்லைட்’ என்று பெயர் வைத்தாயிற்று. வெள்ளை விளக்கு அணைந்ததும் இது எரியத் தொடங்கும்; விடியும்வரை எரியும்; மறுநாளும் எரியும். இந்த ஆய்வுக்கு அமராவதிபுதூரைக் களமாகக் கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. காரைக்குடியை அடுத்த இந்த நகரத்தார் ஊரில், செட்டிநாட்டு முறைப்படி கட்டிய வீட்டின் நடுவில் வானம் இருக்கிறது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தால் திறந்த முற்றம். மழையும் வெயிலும் நிலாவும் கேட்காமல் உள்ளே வந்துபோகவென்றே விட்ட இடம். அசல் நிலா வந்துபோகும் வீட்டில், பட்டாலை ஓரத்துத் தொட்டிக்கு நகல் நிலா எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. பிறர் கொள்கையைப் பரபக்கமாக வைத்து மறுத்து, தன் கொள்கையைச் சுபக்கமாக நிறுவுவது சைவ சித்தாந்திகளின் வழக்கம். இங்கே நிறுவ வந்த கொள்கை ஒன்றே: நிலாவுக்கு அதன் ஒளியைவிட முக்கியமானவை அது வராத இரவுகள், ஆகவே அமாவாசை இல்லாத விளக்கு நிலா விளக்கு ஆகாது.

முதல் சான்று, வெளிச்சத்தின் அளவு. மேகமில்லாத இரவில் உச்சிக்கு ஏறிய பௌர்ணமி நிலா தரையில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ், மிஞ்சிப்போனால் 0.3 லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். முழு நிலாவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம் என்பது வானியலார் கணக்கு. இனித் தொட்டிக் கணக்கு. ஒரு வாட் நீல எல்இடி தோராயமாக 20 லூமன் ஒளி தருவதாகக் கொள்வோம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியின் நீர்ப்பரப்பு 0.186 சதுர மீட்டர். மூடியிலும் கண்ணாடியிலும் பாதி ஒளி வீணாகிறது என்று தாராளமாகத் தள்ளுபடி கொடுத்தாலும், தண்ணீர்மேல் விழுவது 50 லக்ஸுக்குக் குறையாது. இதைக் கால் லக்ஸால் வகுத்தால் 200 வருகிறது. ஆக, முற்றத்தில் ஒரு நிலா. பத்தடி தள்ளி, அதே வீட்டுத் தொட்டியில் 200 நிலா. சிவபெருமானே சடையில் ஒரு பிறையோடு நிறுத்திக்கொண்டார். ஒரு கோல்டு ஃபிஷின் தலைமேல் 200 பௌர்ணமியை ஏற்றுவது ஆகமத்துக்கும் அடுக்காது.

இரண்டாம் சான்று, நிறம். நிலா வெளிச்சம் நீலம் என்று நமக்குக் கற்பித்தவர்கள் சினிமா ஒளிப்பதிவாளர்கள். நிலா தருவது சூரியனிடம் வாங்கிய ஒளியை. திருப்பித் தரும்போது அதன் புழுதித் தரை நீலத்தைக் கொஞ்சம் பிடித்தம் செய்துகொள்வதால், நிலா வெளிச்சம் வெயிலைவிடச் சற்று மஞ்சளாகவே இருக்கும். நீலம் தோன்றுவது நம் கண்ணுக்குள்தான். வெளிச்சம் குறையக் குறைய, நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, நீலப்பச்சைப் பக்கம் சாய்ந்த கோல் செல்கள் வேலைக்கு வருகின்றன. இதனால் மங்கலில் நிறங்களின் எடுப்பு மாறுவதைச் செக் நாட்டு உடலியலறிஞர் புர்கினியே 1819-இல் கவனித்தார். மெய்ப்பிக்க ஆய்வகம் வேண்டாம். பௌர்ணமி இரவில் முற்றத்தை ஒட்டிய ஆத்தங்குடிக் கல்லைக் குனிந்து பார்த்தால் போதும்: பகலில் முந்திக்கொண்டு கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூ கறுத்துப் போயிருக்கும், அதைச் சுற்றிய பச்சை இலை சாம்பல் வெளுப்பில் எடுப்பாகத் தெரியும். இது மனிதக் கண்ணின் மயக்கம். கோல்டு ஃபிஷுக்கு நம்மைப்போல் மூன்று அல்ல, நான்கு வகைக் கூம்புச் செல்கள். புற ஊதாவும் அதற்குத் தெரியும். நன்னீர் மீன்கள் பலவற்றின் கோல் செல்களோ நம்முடையதைவிடச் சிவப்புப் பக்கம் தள்ளி நிற்பவை. நம் கண்ணின் மயக்கத்தைப் பட்டையில் ஒட்டி மீனின் தலைக்குமேல் தொங்கவிட்டிருக்கிறோம். பளிச்சென்ற நீல எல்இடியை 1993-இல் சாத்தியமாக்கிய நகமுராவுக்கும், அவருக்கு முன்னோடிகளான அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரம் மிச்சமாகும் வெள்ளை விளக்குக்கு வழி திறந்ததற்காகக் கொடுத்த பரிசு அது. நிலா செய்ததற்காக அல்ல.

மூன்றாம் சான்றே தலையானது: காலம். நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். இருபத்தொன்பதரை நாளில் ஒரு சுற்று முடிக்கும். பாதி நிலா பாதி வெளிச்சம் தரும் என்று நினைப்பது தவறு. அட்டமி நிலா தருவது பௌர்ணமியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எனவே நிஜ நிலாவின் மாதத்தில் நல்ல வெளிச்சம் சில இரவுகளுக்கு மட்டும். மற்றவை மங்கலும் இருட்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் கடைக் கணக்கை ஐந்தொகை போட்டு நேர்செய்ததைப்போல, வளர்பிறையில் வரவு வைத்ததைத் தேய்பிறையில் பற்றெழுதி அமாவாசையில் கணக்கு முடிக்கிறது வானம். ஊருணியில் கிடக்கும் கெண்டைக்கும், இருட்டினால்தான் இரை தேட வெளியே வரும் கெளுத்திக்கும் இந்தக் கணக்கு பழக்கம். நிலா விளக்கு வைத்திருப்பதோ வரவுப் பக்கம் மட்டுமே உள்ள பேரேடு. அப்படி ஒரு பேரேட்டை எந்தச் செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளையும் கையால் தொடமாட்டார்.

இதனால் மீனுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். மீனுக்கு இமை கிடையாது; வெளிச்சத்தை அணைக்க அதனிடம் சுவிட்சும் இல்லை. ஐரோப்பிய ஏரிகளில் வாழும் பெர்ச் மீனை வைத்து நடந்த ஆய்வுகளில், இரவில் ஒரு லக்ஸுக்கும் வெகு குறைந்த வெளிச்சமே அதன் உடலில் மெலடோனின் சுரப்பைக் குறைத்துவிட்டது. பகல், இரவு எது என்று உடலுக்குச் சொல்லும் சுரப்பு அது. கோமாளி மீனின் சேதி இன்னும் கறார். பவளப்பாறைப் பகுதியில் வாழும் இந்த மீனின் முட்டைகளை இரவு முழுக்கச் செயற்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. பெற்றோர் வழக்கம்போல் முட்டையிட்டன, கரு வளர்ந்தது, ஆனால் ஒன்றுகூடப் பொரியவில்லை. அந்தி கழிந்து இருட்டினால்தான் அவை பொரிக்கும். பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கிறார்கள் என்பதால், இதை வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்பது மதுரை மீனாட்சியை வணங்கும் நாட்டின் பழைய நம்பிக்கை. அதோடு ஒரு திருத்தம் சேர்க்கலாம்: தாய் பார்த்தால் மட்டும் போதாது, விளக்கு பார்க்காமல் இருக்கவும் வேண்டும்.

இனிப் பரபக்கம். வரிக்குதிரை மீனை வெளிச்சத்திலேயே வைத்து 2007-இல் நடந்த ஆய்வொன்றை எதிர்வாதி எடுத்துக்காட்டலாம்: மீன் தூங்கவில்லை, ஆனால் பிறகு இருட்டில் விட்டபோது, தவறவிட்ட தூக்கத்தை ஈடுகட்ட முற்படவும் இல்லை. கேட்காத கடனை ஏன் அடைக்க வேண்டும் என்பார். கடன் கொடுத்தவர் கேட்காததாலேயே கடன் தீர்ந்தது என்ற சட்டம் காரைக்குடி வட்டாரத்தில் செல்லாது. அதே ஆய்வு வெளிச்சம் தூக்கத்தைப் பறிக்கிறது என்பதையும் ஐயமற நிறுவியதை எதிர்வாதி விழுங்கிவிட்டார். சட்டென்று இருட்டினால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதுமே என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. இந்த அகலாங்கில் அந்தி அரைமணிக்குள் அடங்கிவிடும். அந்த அரைமணிக்கு மங்கலான விளக்கை அனுமதிக்கலாம். அரைமணிக்கு வாங்கிய அனுமதியில் பத்துமணி நேரம் எரிப்பதுதான் குற்றம். இரவில் நடமாடும் டேங்க் கிளீனர் மீனைப் பார்த்து ரசிக்க வேறு வழி என்ன என்பாரும் உண்டு. 200 நிலாவுக்கு அடியில் அது ஃபில்டருக்குப் பின்னால் பதுங்கும். ரசிப்பவருக்கு மிஞ்சுவது வால் நுனி.

வலுவான வாதம் பவளத்திடமிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவின் அக்ரோப்போரா பவளங்கள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி இனப்பெருக்கம் செய்வதைத் தூத்துக்குடிப் பக்கம் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிலா வெளிச்சத்தை உணரும் கிரிப்டோகுரோம் புரதம் பவளத்தில் இருப்பது 2007-இல் தெரியவந்தது. ஆகவே நிலா விளக்கு தேவைதானே? தேவைதான், பவளத்துக்கு. ஆனால் 2021-இல் தைவான் கடலின் பவளம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: பௌர்ணமி கழிந்தபின், சூரியன் மறைந்து நிலா எழும்வரை இடையில் விழும் இருட்டுதான் முட்டையை வெளியிடச் சொல்லும் அடையாளம். பவளம் காத்திருப்பது நிலா தாமதமாகும் நேரத்துக்காக. பவளத் தொட்டிக்காரர்கள் தேய்பிறையும் சேர்ந்த சுழற்சிக் கருவி வாங்குவதன் காரணம் இதுவே. எதிர்வாதியின் சாட்சி நம் பக்கம் பேசிவிட்டது.

கடைசி வாதம் நேர்மையானது: விளக்கு எனக்காகத்தான், அழகாக இருக்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. நீல ஜீரோ வாட் பல்பு தலைமுறை தலைமுறையாக நம் படுக்கையறைகளை ஆண்டது. ஜீரோ என்று பெயர் வைத்துக்கொண்டு 15 வாட் வரை குடித்தது. அதன் வாரிசான எல்இடி பட்டை, இரவுக்கு 10 மணி நேரம் வீதம் இரண்டு மாதம் எரிந்தாலும் முக்கால் யூனிட்டைத் தொடாது. இலவசமாக வரும் யூனிட்டுகளுக்குள் அது தூசு. மின்கட்டணத்தைக் காட்டி விளக்கை ஒழிக்க வந்த ஆராய்ச்சி அல்ல இது. ரசிப்பவர் விழித்திருக்கும்வரை எரியட்டும். அவர் பாயை விரித்ததும் அணையட்டும். தூங்குபவருக்கு அழகு எதற்கு?

அமாவாசையன்று மட்டும் மாலையிலிருந்தே சுவிட்சைத் தொடக்கூடாது. மறந்துபோகும் என்ற சாக்கு செல்லாது. தினத்தாள் கிழிக்கும் காலண்டர் ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் தொங்குகிறது, திதியும் அதிலேயே இருக்கிறது. அன்றைக்குக் கவுச்சி ஆகாது என்று மீன்காரரைத் திருப்பி அனுப்பும் வீடு, குழம்புச் சட்டிக்குப் போகவேண்டிய மீனுக்கே விடுமுறை கொடுத்துவிடுகிறது. தொட்டி மீன் கேட்பது அதில் பாதி சலுகைதான்.