கொழுகொழு கூட்டாளிகள்

ஏற்காடு கோடை விழாவில் மலர்க் கண்காட்சி உண்டு, நாய்க் கண்காட்சி உண்டு, கொழுகொழு குழந்தைகள் போட்டியும் உண்டு. கடைசியாகச் சொன்னதை நடத்துவது வேறு யாருமல்ல, அங்கன்வாடிகளைக் கட்டி மேய்க்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத் துறைதான். எடை குறைந்த மலைக்கிராமத்துப் பிள்ளையைப் பதிவேட்டில் ஏற்றுவதும் அதே துறை, புஷ்டியான பிள்ளையை மேடையில் ஏற்றுவதும் அதே துறை. நாய்களுக்காவது இனம் பார்த்துப் பிரிவு வைக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு இப்போது பெற்றோர் மேல் காதல் வந்திருக்கிறது. பெற்றோரும் டீச்சரும் கூட்டாளிகள், வீடுதான் முதல் பள்ளிக்கூடம் என்று 2013-இன் முன்பருவக் கல்விக் கொள்கையிலிருந்து 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை வரை ஒரே பாட்டு. நல்ல பாட்டுதான், யாருக்கும் கசக்காது. கூட்டாளிகள் சந்திக்கிற நேரத்தை யார் குறிக்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பெற்றோர் கூட்டம் என்றால் காலை 11 மணி, வேலை நாள். கார்த்திகை, மார்கழி, தை என்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். விடிந்ததும் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கியவள் 11 மணிக்குப் பால்வாடிக்கு ஏறி வந்தால் அன்றைய கூலி போச்சு. வராவிட்டால், "பிள்ளை மேல அக்கறையே இல்லாத சனங்க" என்று பட்டம். ஆகவே கூட்டத்துக்கு வருவது வேலைக்குப் போக முடியாத பாட்டி, நிறைமாசக்காரி, இடத்தை நிரப்பப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஓட்டி வந்த நாலு பிள்ளைகள். முன்னால் பெஞ்சில் முருங்கைக்கீரை, முளைகட்டிய பயறு, ஒரு தட்டில் கேழ்வரகு. கோலம் போட்டாயிற்று, பேனர் கட்டியாயிற்று. சமவெளியிலிருந்து ஜீப்பில் வந்தவர், இந்த மலையில் கேழ்வரகும் சாமையும் விதைத்து அறுத்தே முதுகு வளைந்த மலையாளிப் பழங்குடிக் கிழவிக்குக் கேழ்வரகின் மகிமையை விளக்குகிறார். கிழவி கேட்டுக்கொள்கிறாள். என்ன செய்வாள்? படம் எடுத்து முடிக்காமல் டீ வராது.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஊர் உலகமெல்லாம் பிள்ளையைப் படிக்கக் கொண்டுவிடும் மலை இது. மாண்ட்போர்ட் பள்ளி 1917-லேயே வந்துவிட்டது. கட்டணம் கட்டும் பெற்றோரை எந்தப் பள்ளிக்கூடமாவது நடு வேலை நாளில் கூப்பிட்டு, "உறுதிமொழி எடுங்க, பயறைக் கையில பிடிச்சு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் கதவைத் திறக்க முடியுமா?

அங்கன்வாடி டீச்சரைத் திட்டிப் பயனில்லை. எடை, உயரம், பதிவேடு, சத்துமாவு, தடுப்பூசி நாள், பல இடங்களில் வாக்காளர் பட்டியல், ஆயா லீவு போட்டால் சமையல். இவ்வளவுக்கும் மத்திய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். 2018-இல் அந்த எண்ணில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. மாநில அரசு தன் பங்குக்குப் போட்டுத் தருவதால் அடுப்பு எரிகிறது. திட்டம் தொடங்கியது 1975-இல். இந்தப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் குஜராத் ஊழியர்கள் வழக்கில் சொன்னது 2022-இல். 47 வருஷம் அவர்கள் செய்தது சேவையாம்! பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கதை சொல்லவே நேரமில்லாதவள், அதன் அம்மாவோடு உட்கார்ந்து எதைப் பேசுவாள்?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். டீச்சரும் தாயும் இப்போது கட்டாயம் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். 2025 ஜூலை முதல் வீட்டுக்கு வாங்கிப்போகும் சத்துமாவுக்கு முக அடையாளம் வேண்டும் என்று உத்தரவு. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா, கண்ணைச் சிமிட்டு, திரும்பச் சிமிட்டு." போஷன் டிராக்கர் என்ற செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஓடிபி போய்ச் சேர்ந்ததோ புருஷன் போனுக்கு, புருஷனோ கேரளாவில் மரம் ஏறுகிறான். பெற்ற தாய் நேரில் நிற்கிறாள், பிறந்த நாள் முதல் அவளைத் தெரிந்த டீச்சர் எதிரில் நிற்கிறாள், இவள்தான் அவள் என்று டெல்லி ஒப்புக்கொண்டால்தான் மாவு. கூட்டாளி மேல் அவ்வளவு நம்பிக்கை.

சத்துமாவைத் திருடிவிடுவாள் என்று தாயின் கண்ணிமையைக் கணக்குப் பார்க்கும் அரசு, எஸ்டேட் முதலாளியின் முகத்தை எப்போதாவது ஸ்கேன் செய்ததுண்டா? 2025 வரை நடப்பில் இருந்த 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுவைக்க அறை கட்டு, பயிற்சி பெற்ற பெண்ணை வை என்றது. சின்னத் தோட்டங்களாகக் கணக்குக் காட்டினால் 50 எப்படி வந்திருக்கும்? பிள்ளை காப்பிச் செடி நிழலில் சேலைத் தூளியில் ஆடுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எந்த ஆப்பும் கிடையாது.

தாயும் டீச்சரும் நிஜமாகவே பேச வேண்டுமென்றால் வழி இல்லாமல் இல்லை. சாயங்காலம் பழத்தை எடை போடும் இடத்தில் அத்தனை தாய்மாரும் வரிசையில் நிற்கிறார்கள். டீச்சருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுத்து அங்கே அனுப்பலாம். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எதைக் கண்டு பயப்படுகிறது, யார் வீட்டில் விடப்படுகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அல்லது கூட்ட நாளில் வரும் தாய்க்கு அரை நாள் கூலியைத் துறையே கொடுக்கலாம். பேனர் காசு மிச்சமானாலே போதும்.

நடக்காது. ஆறு மணிக்கு மேல் மலையில் மூடுபனி இறங்கிவிடும், போட்டோ தெளிவாக விழாது.