வெள்ளிக்கழுத்து ஜாடிக்காரர்

சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜாடிக்காரரின் உடைமை, வெள்ளைக்காரர்கள் சிவப்பு ஒயின் ஊற்றிவைத்த பழைய ஜாடி ஒன்று. உடல் பட்டை தீட்டிய கண்ணாடி. கழுத்து, மூடி, கைப்பிடி மூன்றும் வெள்ளி. புட்டியின் அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் இதில் சாய்த்து மேசைக்குக் கொண்டுபோவார்கள். இங்கிலாந்தில் கண்ணாடி வரி 1845இல் நீங்கியபின் கனத்த கண்ணாடிச் சாமான்கள் பெருகின. அவற்றில் ஒன்று ஏற்காட்டுக் காபித் தோட்டத்துரை ஊர் திரும்பியபோது ஏலத்தில் வந்தது என்பது ஜாடிக்காரர் சொல்லும் வரலாறு. சாட்சி கிடையாது.

மதியம் தூங்குவது, வாடகையை ஒன்றாம் தேதியே கேட்பது போன்ற குணங்களும் அவருக்கு உண்டு. ஆனால் அவருடைய தொழில் முத்திரை காட்டுவது. பத்திரிகை வைக்க வந்தவர், மாரியம்மன் பண்டிகை வசூலுக்கு வந்தவர், மின்கணக்கு எடுக்க வந்தவர் எவரும் தப்ப முடியாது. முதலில் கை கழுவ வேண்டும். பிறகு பூதக்கண்ணாடி கைக்கு வரும். "சிங்கம் தெரியுதுங்களா?" தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பதே நல்லது. நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 1544 முதல் வரும் வழக்கம். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம்; அங்கே சோதனைச் சாலை வந்தது 1773இல். "அங்கே கடல் இருக்குதுங்களா?" என்று கேட்டவர் தொலைந்தார். கடல் இல்லை என்பதை விளக்க அரைமணி நேரம் ஆகும். அடுத்து ஆண்டுக்கு ஒன்றாக மாறும் எழுத்து. அதற்கடுத்து, வரி கட்டியதற்கு அடையாளமான ராணி தலை. அது 1890இல் நின்றுபோனது. முடிந்தது என்று எழுந்தால், மூடியிலும் ஒரு சிங்கம் இருக்கும்.

இவ்வளவும் நடப்பது எதையும் கிராமில் கேட்கிற கடைத்தெருவில். வெள்ளிக்கடைக்காரர் ஜாடியை ஒருமுறை பார்த்து, "கண்ணாடியக் கழட்டிட்டு வாங்க, எடை போடலாம்" என்றார். ஜாடிக்காரர் அந்தப் பக்கம் அதன்பின் போவதில்லை.

உள்ளே என்ன ஊற்றலாம் என்பது தனிச் சிக்கல். நாட்டிலேயே முதலில் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். ராஜாஜி அதை 1937 அக்டோபர் 1 அன்று கொண்டுவந்தார். ஆகவே தாத்தா அதில் நீர்மோர்தான் ஊற்றினார் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். இப்போது நீர்மோரும் இல்லை. வந்தவருக்குத் தண்ணீர்கூட பிளாஸ்டிக் சொம்பில்தான்.

ஜாடிக்காரர்களில் இன்னொரு வகையும் உண்டு. அவர் ஜாடியில் சிங்கத்துக்குப் பதிலாக ஈ.பி.என்.எஸ். என்று நாலு எழுத்து இருக்கும். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவையின்மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளிமுலாம் அது. அவரோ அதை லண்டன் கம்பெனியின் பெயர் என்பார். அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்கத் தேவையில்லை. முத்திரை குறைவு என்பதால் அந்த வீட்டிலிருந்து சீக்கிரம் வெளியே வரலாம்.

முதல் வகையாரிடம் அந்த இரக்கம் செல்லாது. அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. கம்பி இழுப்பது ஒருவர், பற்றவைப்பது ஒருவர், மெருகு போடுவது ஒருவர் என்று பல கை மாறித்தான் ஒரு ஜோடி முடியும். அங்கே அவர் பூதக்கண்ணாடியோடு ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "நம்மூரு வெள்ளி என்னங்க வெள்ளி" என்பார். பேத்திக்கு அங்கே செய்து வாங்கிய கொலுசுக்குக் கூலி பாக்கி போன ஆடியிலிருந்து நிற்கிறது.