பாட்டி புதைத்த காசு

கேள்வி: அசாம் ஜாவாவில் எங்கள் பழைய லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கினால், பாட்டி புதைத்து வைத்த காசு அகப்படுமா?

பதில்: முதலில் அகப்படுவது மத்தி மீன் டின். அப்புறம் கூரை ஆணி, பால் வாளியின் கைப்பிடி, யாரோ தொலைத்த உளி. பொன்னுக்கும் கத்தும், பூட்டுக்கும் கத்தும் கருவி அது. சின்னக் காசு ஒரு சாணுக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கருவிக்குக் காது மந்தம். மறுநடவு இயந்திரம் வேறு மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கும். ஆனாலும் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1941ஆம் ஆண்டுச் சதுர ஒரு காசு கிடைத்தால், எனக்குப் பொறாமைதான். பாட்டி சேர்த்தது ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டா? காகிதத்துக்குக் கருவி வாயே திறக்காது. 1945இல் ஜப்பான்காரன் போனபின் கடைக்காரர் கல்லாவும் திறக்கவில்லை.

இன்னொன்று: நிலம் தோட்டத்தாருடையது. மரபுப் பொருள் என்று தோன்றும் எது கிடைத்தாலும், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். மானேஜரிடம் அனுமதி கேட்கப் போகும்போது மண்வெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.