டென்மார்க் இளவரசனுக்கு ஹவுஸ்ஃபுல்

2014 ஆகஸ்டில், டென்மார்க் ராஜா செத்துப்போனதற்குத் துக்கம் விசாரிக்க ஏறக்குறைய ஒரு லட்சம் டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்தன. இழவு வீடு லண்டன் பார்பிகன் அரங்கம். துக்கம் விசாரிக்கப் போக வேண்டிய தேதியோ 2015 ஆகஸ்ட். சாவு வீட்டுக்கு ஒரு வருடம் முன்னதாகவே இடம் பிடித்து வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் சில நிமிடங்களில் அத்தனையும் தீர்ந்துவிட்டது. லண்டன் நாடக வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக எந்த நாடகமும் விற்றதில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

ஹாம்லெட்டை எழுதிய ஷேக்ஸ்பியருக்கு இதில் பெரிய பங்கு இல்லை. லண்டனில் எந்த வாரம் பார்த்தாலும் அவருடைய நாடகம் எங்காவது ஒரு மூலையில் நடந்துகொண்டுதான் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நடந்து போனாலே இடம் கிடைக்கும். இந்த முறை ஹாம்லெட்டாக வந்தவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். பிபிசி தொடரில் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்து, நீளமான கோட்டையும் நீளமான முகத்தையும் உலக நாகரிகமாக மாற்றியவர். அவரைத் திரையில் பார்த்தவர்களுக்கு நேரில் பார்க்க வேண்டும். நேரில் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் ஷேக்ஸ்பியரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

டிக்கெட்டுக்காக அவர்கள் நின்ற கம்ப்யூட்டர் வரிசை என்பது மனிதகுலம் கண்டுபிடித்த அவமானங்களில் புதியது. பழைய வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகாவது தெரியும். அவர் ஒன்றுக்குப் போனால் ஒரு இடம் முன்னேறலாம். இதில் உங்களுக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று ஒரு எண் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தைப் புதுப்பித்தால் இடம் போய்விடுமோ என்ற பயம். புதுப்பிக்காவிட்டால் உறைந்துவிட்டதோ என்ற சந்தேகம். செய்வதா வேண்டாமா என்று அத்தனை பேரும் அன்று காலையில் தத்தம் வீட்டிலேயே ஹாம்லெட்டாக நடித்துப் பார்த்துவிட்டார்கள், காசில்லாமல். கிடைத்தவர்கள் ஒரு வருடம் காத்திருந்தார்கள். சித்தப்பனைக் கொல்வதா வேண்டாமா என்று நாடகம் முழுக்க யோசிக்கிற ஒருவனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது நல்ல பயிற்சி.

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருந்தது. தினமும் கொஞ்சம் இடங்களைப் பத்து பவுண்டு விலைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்காக முந்தின இரவே போர்வையோடு வந்து படுத்தார்கள். பார்பிகன் 1982-இல் திறந்த கான்கிரீட் கோட்டை. அதற்குள் வழி தெரியாமல் அலைந்தவர்கள் அதிகமாகி, கடைசியில் நடைபாதைகளில் மஞ்சள் கோடு போட்டு வழிகாட்ட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் வாசலைக் கண்டுபிடித்துப் படுத்தவர்களுக்கு அதற்காகவே ஒரு டிக்கெட் கொடுத்திருக்கலாம்.

2015 ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதல் முன்னோட்டக் காட்சி. முன்னோட்டம் என்றால், நாடகம் இன்னும் சரியாக வேகவில்லை என்று நாடகக்காரர்களே ஒப்புக்கொண்டு, கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்கிற நாட்கள். விமர்சகர்கள் இந்த நாட்களில் எழுதக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அன்று இயக்குநர் லின்ட்ஸி டர்னர் ஒரு காரியம் செய்திருந்தார். இருப்பதா இல்லாமல் போவதா என்று தொடங்கி உலகத்துக்கே மனப்பாடமான அந்தத் தனிமொழி, வழக்கமாக மூன்றாவது அங்கத்தில் வருவது, திரை விலகியதும் முதல் வசனமாக வந்தது. சினிமா பாட்டை டைட்டிலிலேயே போட்டுவிட்டால் இடைவேளைக்குப் பிறகு ஜனங்கள் எதற்கு உட்கார்ந்திருப்பார்கள்? டைம்ஸ் நாளிதழ் பொறுக்கமாட்டாமல் மறுநாளே விமர்சித்துவிட்டது. சட்டத்தை மீறியதற்காக டைம்ஸைச் சிலர் திட்டினார்கள். தனிமொழியை இடம் மாற்றியதற்காக நாடகத்தைச் சிலர் திட்டினார்கள். ஷேக்ஸ்பியரின் கல்லறையில் அசைவு தெரிகிறதா என்று மட்டும்தான் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை, 1603-இல் அச்சான ஹாம்லெட்டின் முதல் பதிப்பிலேயே அந்தத் தனிமொழி நமக்குப் பழகிய இடத்தில் இல்லை, முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்தப் பதிப்பின் ஒரு பிரதி 1823-இல்தான் ஒரு பிரபுவின் வீட்டு அலமாரியில் அகப்பட்டது. ஆக, புனிதமான வரிசை என்று ஒன்று ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஆனால் கோபத்துக்கும் பாடபேதத்துக்கும் என்ன சம்பந்தம்? பதினைந்து நாளுக்குள் தனிமொழியைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டார்கள். விமர்சகர்களுக்கு அதிகாரபூர்வமான அழைப்பு ஆகஸ்ட் 25-ஆம் தேதிக்கு. நடிகர் பரவாயில்லை, மேடை பிரம்மாண்டம், நாடகம் சுமார் என்ற அளவில் பலர் எழுதினார்கள். பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு வந்து சாம்பாரில் உப்பு கம்மி என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? டிக்கெட் தீர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த பிரச்சினை செல்பேசி. முதல் வாரத்திலேயே ஒரு சனிக்கிழமை, நாடகம் முடிந்து பின்வாசலுக்கு வந்த கம்பர்பேட்ச் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்: தயவுசெய்து படம் பிடிக்காதீர்கள், மூன்றாவது வரிசையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குவது மேடையிலிருந்து தெரிகிறது, நடிக்கிறவனுக்கு அதைவிட வேதனை கிடையாது. பேய் வருகிற நாடகத்தில் சிவப்பாக ஒரு கண் இருட்டிலிருந்து முறைத்தால் யாருக்கும் வசனம் மறக்கும். இந்த வேண்டுகோளை அவர் விடுத்தபோது சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள்? படம் பிடித்தார்கள். அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டார்: தனக்குச் சமூக ஊடகக் கணக்கு இல்லை, அதனால் இந்தச் செய்தியை நீங்களே உங்கள் கருவிகளில் பரப்புங்கள் என்றார். படம் பிடிக்காதீர்கள் என்று சொல்லும் படம் ஒரே இரவில் உலகம் சுற்றியது. அதன் பிறகு பார்பிகன், ஒளிந்திருக்கும் கேமராக்களைக் கண்டுபிடிக்கக் கருவி வைத்தது.

மற்றபடி அந்தக் கூட்டம் சாதுவான கூட்டம். அக்டோபர் 15-ஆம் தேதி திரையரங்குகளில் நேரலையாகக் காட்டியபோது உலகெங்கும் 2,25,000 பேர் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் அரங்குக்குள் வந்தவர்களைப்போல இரண்டு மடங்கு, அதுவும் ஒரே ராத்திரியில், சினிமா டிக்கெட் விலையில். அரங்கத்திலோ, ஓடிப்போகத் தயாராக இருந்தவர்களையும் நாடகம் முடிந்த கையோடு நிறுத்தி, சிரியா அகதிகளுக்காக ஒரு சொற்பொழிவு ஆற்றினார் கம்பர்பேட்ச். கடைசி நாட்களில் ஒருமுறை அரசியல்வாதிகளைக் கெட்ட வார்த்தையால் அர்ச்சித்தும்விட்டார். காசு கொடுத்து நாடகத்துக்கு வந்தவனுக்கு உபதேசம் எதற்கு என்று சில பத்திரிகையாளர்கள் முணுமுணுத்தார்கள். வந்தவர்களோ வாளியில் காசு போட்டார்கள். ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

ஆனாலும் அந்த வருடம் முழுக்க ஒரே புலம்பல்: ரசிகைகள் வந்து ஷேக்ஸ்பியரைக் கெடுத்துவிட்டார்கள், அரங்க நாகரிகம் செத்துவிட்டது, அந்தக் காலத்தில் இப்படியா? அந்தக் காலத்தில் எப்படி என்று பார்த்துவிடலாம்.

1804 டிசம்பர் 1. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம். வில்லியம் பெட்டி என்ற பதின்மூன்று வயதுப் பையன் லண்டனில் முதல்முறையாக மேடை ஏறுகிறான். கூட்டத்தைச் சமாளிக்க சிப்பாய்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. பாக்ஸ் வகுப்புக்கு டிக்கெட் வாங்கிய கனவான்கள், அங்கே இடமில்லாமல், கீழே பிட் எனப்படும் பெஞ்சு வகுப்புக்குள் தொப்பென்று குதித்தார்கள். மூச்சுமுட்டி மயங்கியவர்களைப் பொட்டலம்போல மேலே தூக்கினார்கள். இரவுக்கு ஐம்பது பவுண்டு சொச்சத்தில் தொடங்கிய பையனின் சம்பளம் சீக்கிரமே இரண்டு மடங்காயிற்று. அடுத்த வருடம் அவன் ஹாம்லெட் நடித்தபோது, உறுப்பினர்கள் போய்ப் பார்க்கட்டும் என்று பிரதமர் பிட் நாடாளுமன்றத்தையே ஒத்திவைத்தார் என்று ஒரு கதை உண்டு. மறுமணம் என்றால் என்னவென்றே தெரியாத வயதுப் பிள்ளை அம்மாவின் மறுமணத்தைப் பற்றிப் புலம்புவதைப் பார்க்க ஒரு சாம்ராஜ்யம் விடுமுறை எடுத்ததாம்! கம்பர்பேட்ச் குறைந்தபட்சம் முப்பத்தொன்பது வயதுக்காரர். ஒன்றிரண்டு வருடத்தில் ஜனங்களுக்குப் பையன் அலுத்துவிட்டான். மூன்றாம் ரிச்சர்டாக வந்தபோது உஸ் உஸ் என்று விரட்டினார்கள்.

அந்தப் பைத்தியம் ஓடிக்கொண்டிருந்தபோது ஓரமாக நின்று பல்லைக் கடித்தவர் ஜான் பிலிப் கெம்பிள். அதே அரங்கத்தின் பங்குதாரர், நிர்வாகி, நாட்டின் முதல் வரிசை நடிகர். அவருடைய முறை அடுத்தாற்போல் வந்தது. 1808 செப்டம்பரில் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. ஒரே வருடத்தில் புதிதாகக் கட்டி, 1809 செப்டம்பர் 18-ஆம் தேதி மேக்பெத்தோடு திறந்தார். கட்டின செலவை யாராவது கொடுக்க வேண்டுமே? பாக்ஸ் கட்டணம் ஆறு ஷில்லிங்கிலிருந்து ஏழு ஆயிற்று. பிட் கட்டணம் மூன்றரையிலிருந்து நாலு. கூட்டியது அவ்வளவுதான். கூடவே ஒரு தளம் முழுவதையும் பணக்காரர்களுக்கான தனி அறைகளாக மாற்றி, ஏழைகளை உச்சியில் புறாக்கூண்டு மாதிரி பொந்துகளுக்குள் ஏற்றினார். அங்கிருந்து பார்த்தால் நடிகர்களின் கால் மட்டும் தெரியுமாம்.

திறப்பு விழாவில் கெம்பிள் வரவேற்புக் கவிதை படிக்க வாயைத் திறந்தார். திறந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றாமல், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றது கூட்டம். கெம்பிளும் அவருடைய அக்கா சாரா சிடன்ஸும் மேக்பெத்தாகவும் சீமாட்டியாகவும் கொலை செய்து, கை கழுவி, தூக்கத்தில் நடந்து, அத்தனையும் ஊமை நாடகமாகவே முடிந்தது. மாஜிஸ்திரேட்டுகள் மேடையேறிக் கலவரத் தடைச் சட்டத்தைப் படித்தார்கள், அதுவும் கேட்கவில்லை. பழைய விலை, பழைய விலை என்பதுதான் ஒரே வசனம்.

இது 67 இரவு நடந்தது. கண்டன ஆர்ப்பாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், நாடகத்தைவிட நன்றாக ஒத்திகை பார்த்த நிகழ்ச்சி. குப்பை வண்டிக்காரர்களின் மணி, காவல்காரர்களின் கிலுகிலுப்பை, தகரக் கொம்பு, பதாகைகள். பெஞ்சுகளின்மேல் ஏறி ஆட ஒரு நடனமே உருவாகியிருந்தது. ஒருநாள் ஒரு சவப்பெட்டி ஊர்வலமாக வந்தது: உள்ளே புதிய கட்டணம், பிறந்த ஆறாம் நாளில் கக்குவான் இருமலில் காலமாகிவிட்டதாக மேலே எழுதியிருந்தது. கலகக்காரர்களில் புத்திசாலிகள் மூன்றாவது அங்கம் முடிகிறவரை வெளியே இருந்துவிட்டு, அதற்குப் பிறகு பாதி விலையில் உள்ளே வந்து கூச்சல் போட்டார்கள். கூச்சலுக்குக்கூட முழுக் கட்டணம் கொடுக்கத் தயாரில்லை!

கெம்பிள் கணக்கு காட்டிப் பார்த்தார். அரங்கத்தை மூடி, இங்கிலாந்து வங்கியின் கவர்னர் உள்ளிட்ட பெரிய மனிதர் குழுவிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தார். லாபம் ஒன்றும் கொள்ளையில்லை என்று குழு சொன்னது. பெரிய மனிதர்கள் பெரிய மனிதருக்குத்தானே சொல்வார்கள் என்றது பிட் வகுப்புக் கூட்டம். அடுத்து, மென்டோசா என்ற புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரரையும் அவருடைய ஆட்களையும் இலவச டிக்கெட்டில் உள்ளே விட்டார். நாடகம் பார்க்க வந்தவர்களை நாடக நிர்வாகமே அடித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு நடுநிலையாக இருந்தவர்களும் கலகக்காரர்களாகிவிட்டார்கள்.

கவிழ்த்தது ஒரு தொப்பி. கிளிஃபர்ட் என்ற வழக்கறிஞர், பழைய விலையைக் குறிக்கும் எழுத்துகளைத் தொப்பியில் செருகிக்கொண்டு வந்தார். பாக்ஸ் வகுப்பைப் பார்த்துக்கொண்ட பிராண்டன் என்ற ஊழியர் அவரைப் பிடித்துக்கொடுத்தார். வழக்கறிஞரைக் காரணமில்லாமல் பிடித்துக்கொடுப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எந்தக் கோர்ட் வாசலில் டீ விற்கிறவரும் சொல்வார். கிளிஃபர்ட் வழக்குப் போட்டு ஜெயித்தார். டிசம்பரில் ஒரு விருந்து மேஜையில் கெம்பிள் சமாதானத்துக்கு வந்தார். பிட் கட்டணம் பழையபடி மூன்றரை ஷில்லிங். பாவம் பிராண்டனுக்கு வேலை போயிற்று. பாக்ஸ் கட்டணம் மட்டும் ஏழாகவே நின்றது. கொடுக்க முடிந்தவன் கொடுக்கட்டும் என்று கலகக்காரர்களும் விட்டுவிட்டார்கள். மறுநாள் இரவு பிட்டில் ஒரு பதாகை எழுந்தது, எங்களுக்குத் திருப்தி என்று.

அரை ஷில்லிங்குக்காக மூன்று மாதம் மேக்பெத்தையும் மற்றவர்களையும் பேசவிடாமல் செய்த அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால், மூன்றாவது வரிசையில் மினுங்கிய அந்தச் சிவப்பு விளக்கு ஒரு கார்த்திகை அகல். ரசிகைகளின் குற்றம் சத்தம் போட்டதல்ல. போட வேண்டிய இடத்தில் போடாததுதான் குற்றம் என்பேன். கணினி வரிசையில் நிறுத்தினால் நிற்கிறார்கள், நடைபாதையில் படுக்கச் சொன்னால் படுக்கிறார்கள், கள்ளச் சந்தையில் பல மடங்கு கேட்டால் கொடுக்கிறார்கள். 2017-இல் நடிகர் டாம் ஹிடில்ஸ்டன் ஒரு நாடகப் பள்ளிக்கு நிதி திரட்ட ஹாம்லெட் நடித்தபோது அரங்கத்தில் 160 இருக்கைதான். டிக்கெட் வாங்கும் உரிமைக்கே குலுக்கல் வைத்தார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை.

2025-இல் நியூயார்க் பிராட்வேயில் ஒதெல்லோ. நடித்தவர்கள் டென்சல் வாஷிங்டன், ஜேக் ஜில்லென்ஹால். நல்ல இருக்கைகளின் விலை 921 டாலர் வரை போனது. ஒரே வாரத்தில் 28 லட்சம் டாலருக்கு மேல் வசூல். பிராட்வேயில் பாட்டு இல்லாத நாடகம் எதுவும் அதுவரை அவ்வளவு வசூலித்ததில்லை. டோனி விருதுக்காரர்கள் ஒரு பரிந்துரைகூடக் கொடுக்கவில்லை. ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்று நாடகம் முடிந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, ஒழுங்காக டாக்ஸி பிடிக்கப் போனது. ஒரு சவப்பெட்டிகூட வரவில்லை.