கடோத்கஜனும் ஒரு நயா பைசாவும்

ஓட்டல் பலகாரம், சினிமா ஆகிய இரண்டு இன்பங்களையும் ஒரே இரவில் அநுபவித்துவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறவன், கணக்கில் கெட்டிக்காரரான உறவினர் எவரையும் உடன் அழைத்துச் செல்லலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்த ஞானம் எனக்குப் பிறவியிலேயே வாய்த்ததன்று. 1957-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில், கும்பகோணத்தில், ரொக்கமாக ஒரு நயா பைசா கொடுத்து வாங்கியது.

அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் இரண்டு மாயைகள் நம்மிடையே ஒருசேர அவதரித்தன. முதல் தேதியன்று சர்க்கார் நயா பைசாவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 12-ஆம் தேதியன்று 'மாயா பஜார்' தமிழில் வெளிவந்தது. டைரக்டர் கே. வி. ரெட்டியும் காமிரா நிபுணர் மார்கஸ் பார்ட்லியும் சேர்ந்து செய்த ஜாலங்களைக் கண்டு குழந்தைகள்கூடக் கை கொட்டிச் சிரித்தன. ஆனால், சர்க்கார் செய்த ஜாலத்தைக் கண்டு பெரியவர்களே மலைத்துப் போனார்கள். 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசாவானபடியால், ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று ஏற்பட்டது. கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே, அரையும் அரைக்குக் குறைந்ததும் தள்ளுபடி, அரைக்கு மேற்பட்டது முழுசாக ஒன்று என்று விதி வகுத்து, ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை போட்டுவிட்டார்கள்.

திருச்சியில் ஒரு பாங்கியில் கணக்கராக இருந்த என் அத்திம்பேர், விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம், இந்த அட்டவணையைப் பாராயணம் பண்ணுகிறவர்போல் படித்து, அதில் சர்க்காரே அறியாத ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார். மூன்றணாவைச் சேர்த்துக் கொடுத்தால் 19 நயா பைசா. ஒவ்வோர் அணாவாகக் கொடுத்தால் மும்மூன்றும் பதினெட்டு அல்லவா, என்பதே அந்த ரகசியம். "மும்மூன்று ஒன்பது, அத்திம்பேர், மூவாறுதான் பதினெட்டு" என்று நான் திருத்தியதை அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

பத்து மணி ஆட்டத்துக்குப் போவது, அதற்கு முன் ஓட்டலில் பலகாரம் பண்ணுவது என்று தீர்மானமாயிற்று. என் சகதர்மிணி இரண்டு நாளாகவே ரவா தோசையைத் தியானம் செய்துகொண்டிருந்தபடியால், அன்றைக்கு ராத்திரிச் சமையலையே நிறுத்திவிட்டு, பகலில் மிஞ்சிய ஒரு பிடி சாதத்தில் தண்ணீரை ஊற்றி மூடிவைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

எட்டரை மணிக்கு நாங்கள் உட்கார்ந்ததும், ஸர்வர் வந்து மேஜையைத் துடைத்த கையோடு, இட்லியில் தொடங்கிப் பூரிமசாலில் முடியும் சகஸ்ரநாமத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நின்றான். "முதலில் ஆளுக்கு ஓர் இட்லி, அதற்குத் தனித்தனியாக மூன்று பில், பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ரவா தோசை" என்று அத்திம்பேர் உத்தரவு போட்டார். இட்லிகள் வந்தன, வந்த வேகத்தில் மறைந்தன. பில் ஒன்றுதான் வந்தது. அதில் 19 என்று போட்டிருந்தது.

அத்திம்பேர் பில்லும் கையுமாகக் கல்லாவை நோக்கி நடந்தார்.

"ஒரே மேஜை, ஒரே குடும்பம், மூன்று கணக்கு எப்படி ஸார் ஆகும்?" என்றார் முதலாளி.

"குடும்பம் ஒன்றானாலும் வயிறு மூன்று ஐயா!" என்றார் அத்திம்பேர்.

முதலாளி பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அட்டவணையைக் கழற்றிக் கல்லாவின்மேல் வைத்தார். கை அலம்பப் போனவர்கள் அலம்பாமல் திரும்பி வந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், ஆறேகாலை மூன்றால் பெருக்கினால் பதினெட்டே முக்கால் என்பதைச் சாம்பார் தோய்ந்த விரலால் மேஜைமேல் எழுதி நிரூபித்தார். எதிர்க்கட்சியார் அதை ஆட்சேபித்துத் துடைத்தார்கள். அடுப்பங்கரையிலிருந்த சரக்கு மாஸ்டர்கூடக் கரண்டியோடு வந்து, கதவருகில் நின்று, இரு தரப்பு வாதங்களையும் கேட்டு ஆனந்தித்தார். அவர் திரும்பிப் போய் அடுப்பை அணைக்கவும், முதலாளி அலுத்துப்போய் ஒரு நயா பைசாவைத் திருப்பி எறியவும், சுவர்க் கடிகாரம் ஒன்பதே முக்கால் அடிக்கவும் சரியாக இருந்தது.

"ஜயித்துவிட்டோம்!" என்றார் அத்திம்பேர். என் சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் ஜன்னலண்டை இருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, முந்தின வருஷத்து மகாமகத்தில் குளத்துக்கு வந்து ஸ்நானம் கிடைக்காமல் போனவர்களெல்லாரும் இங்கேயே தங்கிவிட்டார்களோ என்று தோன்றியது. எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்தோம். திரையில் நிலவு காய, ஜெமினி கணேசனும் சாவித்திரியும் படகில் மிதக்க, கொட்டகையே மெய்ம்மறந்திருந்த நேரத்தில், "ஐயையோ, பையில் ஓட்டை!" என்று பக்கத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. ஜயித்து வாங்கிய நயா பைசா, நெற்றிப் பொட்டளவே இருந்த அந்த வெண்கலத் துண்டு, நழுவிவிட்டது. அத்திம்பேர் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு நாற்காலிகளின் கீழே தவழலானார். பார்ட்லி அரும்பாடுபட்டு உண்டாக்கிய வெண்ணிலவை, எங்கள் வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் தீக்குச்சி வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர்கள் சொன்னவை எழுதத்தக்கவை அல்ல.

பிற்பகுதியில்தான் எனக்கு உண்மையான சோதனை காத்திருந்தது. கடோத்கஜனாகிய எஸ். வி. ரங்காராவ், கல்யாணத்துக்கென்று செய்து அடுக்கியிருந்த பட்சணங்களின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். லட்டுகள் தாமாகவே எழும்பிப் பறந்து அவர் வாய்க்குள் போய் விழுந்தன. ஜனங்கள் சிரித்தார்கள், என் வயிறோ, ஓர் இட்லியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, தனியாக ஒரு பின்னணிச் சங்கீதம் வாசித்தது. ரங்காராவிடம் எவரும் பில் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன். மூன்று பில்லுக்காக வாதாடும் அத்திம்பேர் ஒருவர் இல்லாததனால் அல்லவா அந்த ராக்ஷஸனுக்கு இவ்வளவு பாக்கியம் கிட்டிற்று என்று எண்ணிப் பெருமூச்சு விட்டேன்.

படம் விடும்போது மணி ஒன்றுக்குமேல் ஆகிவிட்டது. வாசல் விளக்கடியில் அத்திம்பேர் வெற்றிப் புன்னகையுடன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் இருந்தது நயா பைசா அன்று. யாரோ எந்தக் காலத்திலோ தவறவிட்ட ஓட்டைக் காலணா! "காலணாவுக்கு அட்டவணைப்படி 2 நயா பைசா. போனது ஒன்று, வந்தது இரண்டு. நிகர லாபம் ஒன்று!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் சகதர்மிணி வாய் திறவாமல் பழையதை எடுத்து வைத்தாள். நாங்கள் மூவர், இருந்ததோ ஒரு பிடி. அவள் பிழிந்து எடுத்து, மாவடு சகிதமாக அத்திம்பேருக்குப் பரிமாறினாள். தன் தட்டிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். எனக்கு முன்னால் நீராகாரம் மாத்திரம் ஒரு டம்ளர் வந்தது.

"என் பங்கு எங்கே?" என்று கேட்டேன்.

"பங்கிட்டுப் பார்த்தேன். உங்களுடையது அரைக்குக் கீழே வந்தது, அட்டவணைப்படி தள்ளுபடி" என்றாள்.

அத்திம்பேர் மாவடுவைக் கடித்தபடி, "கணக்கு சரிதான்" என்றார்.