வெம்பக்கோட்டைச் சாலையோரக் கூதிர்காலப் பூக்கள்: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில், ஒரு பட்டாசு ஆலையின் சுற்றுச்சுவர் முடியுமிடத்தில் கண்மாய்க்குப் பிரியும் வண்டிப்பாதையே இவ்வாய்வின் களம். காலம் கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். மற்றப் பாதைகளில் மற்றப் பூக்கள் இருக்கலாம். அவை ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே நிழலும் கிடையாது.

முதலில் முன்னோர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வேலைதான் மிஞ்சியது. அதை இன்றுவரை மனம் தளராமல் செய்துவருகிறார்கள். 1735-ல் லின்னேயஸ், பூவுக்குள் மகரந்தத் தாள்களை எண்ணித் தாவர உலகை 24 வகுப்புகளாகப் பிரித்தார். ஆக, எண்ணுவதே ஆய்வு (டீக்கடை பெஞ்சு, வாய்மொழி).

இனிப் பூக்கள்.

தும்பை: வெள்ளை.

ஆவாரை: மஞ்சள். பட்டை தோல் பதனிடப் போகும், பூ சர்க்கரை வியாதிக்காரர்களின் காலைக் கஷாயத்துக்குப் போகும். பார்ப்பதற்கென்று மிஞ்சுவது குறைவு.

நெருஞ்சி: இதன் பூ சூரியன் பக்கம் திரும்பும் என்று சங்கப் புலவர்கள் எழுதிவைத்தார்கள். காய் எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிள் டயரில் இறங்கும் என்பது பஞ்சர் கடைக்காரரின் கண்டுபிடிப்பு. முன்னதற்கு உரைகள் உண்டு; பின்னதற்கு ஒருவரும் உரை எழுதவில்லை (டீக்கடை பெஞ்சு, கிழக்கு ஓரம், இரண்டாவது டீ).

தாத்தாப்பூ: அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்து, வந்த இடத்தில் தாத்தாவாகிவிட்ட செடி. அதன் தலையைப் பிள்ளைகள் சுண்டுவிசையில் வெட்டி எறிவார்கள். உறவுமுறை ஆய்வாளர்கள் காதில் இதைப் போட வேண்டாம்.

கண்வலிப்பூ என்னும் செங்காந்தள்: மாநில மலர். பதவி பெரிதென்றாலும் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பச்சையாய் விரிந்து, மஞ்சளாய் மாறி, செந்தீயாய் முடியும், கிழங்கு நஞ்சு. பச்சை, மஞ்சள், சிவப்பு, எச்சரிக்கை தேவை என்று இதே விவரத்தைச் சிவகாசியில் யாரிடம் சொன்னாலும் “எந்தக் கம்பெனி?” என்றுதான் கேட்கிறார்கள்.

இங்கேதான் இத்துறையின் ஆகப்பெரிய சிக்கல் எழுகிறது: பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், கூதிர்காலப் பூக்களில் சேருமா?

சேரும் என்பதே என் துணிபு. பூக்கும் மாதம் ஐப்பசி. நிலம் இதே வானம் பார்த்த பூமி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபின், அதுவரை சாபமாயிருந்த வறட்சி இங்கே முதலாகிவிட்டது. தும்பைக்கு மழை வேண்டும், பூச்சட்டிக்குக் காய்ச்சல் வேண்டும். ஒரே வானத்திடம் இரண்டும் எதிரெதிராக மனுப்போடுகின்றன. உரம்: வெடியுப்பு, கந்தகம், கரி. மகரந்தத் தாள்களை எண்ணப் புகுந்தால், முடிப்பதற்குள் பூ அணைந்துவிடுகிறது. ஆகவே லின்னேயஸின் பல தாள் வகுப்பில் வைக்கலாம். பச்சை நிறத்துக்கான பேரியம் உப்புகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த வகையில், தீர்ப்பினால் அருகிப்போன பூவினம் இது ஒன்றே.

விதை இல்லாதது எப்படிப் பூவாகும் என்பது எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. மதுரை மல்லியும் விதையால் வருவதில்லை, பதியனால் வருகிறது. அது பூவே இல்லை என்று மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். இதழ் எங்கே என்பது இரண்டாவது கேள்வி. தீபாவளிக்கு மறுநாள் காலை எந்தத் தெருவிலும் பெருக்குகிறவரைக் கேட்கலாம். அது சரவெடித் தாள் என்று சிலர் சாதிப்பார்கள், உதிர்ந்த இதழ் எந்தக் கிளையினது என்று தாவரவியலே தடுமாறும் இடம் அது (டீக்கடை பெஞ்சு, திருத்திய பதிப்பு, பஜ்ஜி எண்ணெய்ப் பிரதி, அதில் மறைந்த வரிகளை ஊகித்துச் சேர்த்தது நான்).

கபிலர் ஏன் சொல்லவில்லை என்பதுதான் கனமான கேள்வி. அவர் சொல்லாமல் விட்டதைக் கொண்டே அவர் வெடிமருந்துக்கு முற்பட்டவர் என்று நிறுவிவிடலாம். இதைவிட மெல்லிய நூலில் காலக்கணிப்பைத் தொங்கவிட்டவர்கள் நம்மில் உண்டு. அந்த நூலும் ஓலையில் இல்லாமல் உரையாசிரியரின் உரைக்கு எழுதப்பட்ட அடிக்குறிப்பில், அதுவும் அச்சுப்பிழையில் இருந்ததுண்டு.

எஞ்சிய பூக்களுக்குப் பெயர் தெரியவில்லை என்று எழுதினால் பட்டம் கிடைக்காது. நம் அகராதிகள் காட்டிய வழி இருக்கிறது: ‘ஒருவகைப் பூ’. நீலமாய்த் தரையில் படர்ந்திருந்தது ஒருவகைப் பூ. அதன் பக்கத்தில் நின்றது வேறொருவகைப் பூ.

இப்படிக் குறித்துக்கொண்டிருந்தபோது வெள்ளாடுகளோடு வந்த அம்மா ஒருவர், “என்னத்தைய்யா குனிஞ்சு குனிஞ்சு பாக்கீக?” என்றார். நோட்டைக் காட்டினேன். வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, குச்சியால் ஒவ்வொரு செடியாகத் தொட்டுச் சொன்னார்: “இது ஆடு திங்கும். இது திங்காது. இது திங்கும்.” கண்வலிக்கொடியில் குச்சி அரை நொடி நின்றது. “இதுகிட்டயே போகாது.”

லின்னேயஸுக்கு 24 வகுப்புகள் தேவைப்பட்டன. இந்த அம்மாவுக்கு இரண்டு போதுமாயிருக்கிறது, ஒரு செடிகூட வெளியே நிற்கவில்லை. பூச்சட்டியைப் பற்றியும் கேட்டேன். தீர யோசித்துவிட்டு, “திங்காது” என்றார். கண்வலிப்பூவுக்கு அடுத்த வரியில் சேர்த்துவிட்டேன்.